முழங்காலுக்குக் கீழே

என் அம்மா தொலைபேசியில் பேசும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்தான் கேட்கும். ஓம். அரைமணி நேரம் ஓம், ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உவளுக்கு விசர். சொல்லுறதில ஒண்டும் உண்மையில்லை" என்பார். எங்கள் பக்கத்தில் ஓம் என்றால் சம்மதம் என்றும் பொருள் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு' என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. முருங்கன் பக்கத்து வயல்காரர் வீட்டில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதரின் காலை அனுப்பிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

போர் முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பத் தொடங்கிய காலம். மன்னார்த் தீவுக்கு எதிர்ப்புறம், பெருநிலக் கரையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். பழைய சுவருக்குப் புதுப் பூச்சு, புதுத் தகரக் கூரை, உதவி செய்தவர்களின் பெயர்ப்பலகை வாசலில் ஆளுயரத்துக்கு. குழாயைத் திறந்தால் உவர்த்தண்ணீர். திறந்து மூடி, திறந்து மூடி குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் ஆள். நல்ல பிள்ளை. தமிழ் ஓரளவு விளங்கும், ஒழுங்காகப் பேச வராது. ஆகவே நோயாளிகளுக்கு அவர் சொல்வதெல்லாம் என் வாயால்தான் போகும். என் வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த ஆண்டு எங்களைத் தரமேம்பாட்டுப் பயிற்சிக்கு அழைத்தார்கள். மன்னார் நகரத்தில் ஒரு மண்டபம், மூன்று நாள். முதல் நாள் அலுமாரிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டவும், தரையில் மஞ்சள் கோடு போடவும், முறைப்பாட்டுப் பெட்டி தொங்கவிடவும் கற்பித்தார்கள். இரண்டாம் நாள் ஒழுக்கவியல். உலகத்தில் இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்களாம். ஒரு வகை, விளைவைப் பார்ப்பவர்கள். முடிவில் நல்லது நடந்தால் செய்தது சரி என்பார்கள். மற்ற வகை, கடமையைப் பார்ப்பவர்கள். என்ன நடந்தாலும் செய்யக்கூடாததைச் செய்யக்கூடாது என்பார்கள். இதை விளக்கப் பயிற்சியாளர் ஒரு கதை சொன்னார். ரயில் ஒன்று கட்டுப்பாடு இழந்து வருகிறது, இந்தத் தண்டவாளத்தில் ஐந்து பேர், அந்தத் தண்டவாளத்தில் ஒருவர், நீங்கள் என்ன செய்வீர்கள்?

என் பக்கத்தில் இருந்த மருந்தாளர் கையை உயர்த்தினார். ஓய்வுபெற இருந்த மனிதர், எதற்கும் அசையாதவர்.

"முதல்ல தண்டவாளத்தைப் போடுங்கோ சேர். எங்கட பக்கத்துத் தண்டவாளமெல்லாம் பங்கருக்குக் கூரை போடப் போயிட்டுது."

மண்டபம் சிரித்தது. பயிற்சியாளரும் விளங்காமல் சிரித்தார்.

பிறகு அடுத்த படத்தைத் திரையில் போட்டார். கொழும்பில் யாரோ அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்திருக்க வேண்டும். பெரிய எழுத்தில், 'நோயாளியின் சுயநிர்ணய உரிமை' என்று இருந்தது. சிரிப்பு நின்றது. வாசலில் ஒரு கதிரையில் பச்சைச் சட்டை இராணுவக்காரர் ஒருவர் வழக்கம்போல் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியுமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை. எல்லோரும் தங்கள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தச் சொல் உங்களுக்குப் புதுசா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

மருந்தாளர் என் காதுக்கு மட்டும் சொன்னார். "புதுசோ? இதைக் கேட்டுக் கேட்டுத்தானே இந்தக் கதிக்கு வந்தனாங்கள்."

தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்தப் படம் மாறியிருந்தது. 'நோயாளியின் விருப்பம்' என்று யாரோ திருத்தியிருந்தார்கள். விருப்பம் என்ற சொல்லுக்கு யாரும் பயப்படவில்லை. எனக்கு மட்டும் அது ஏதோ மரக்கறிக்கடையில் கேட்கிற கேள்விபோல் இருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. எனக்கு உள்ளூர ஆசை வந்துவிட்டது. அவ்வளவு காலமும் எங்கள் சனத்தை ஆடுமாடுபோல் ஏற்றி இறக்கியிருந்தார்கள். ஒரு இடத்திலாவது, ஒரு கடதாசியிலாவது, அவர்களைக் கேட்டுச் செய்வோம் என்று நினைத்தேன். டொக்டரோடு இருந்து ஒரு சம்மதப் பத்திரம் தயாரித்தேன். கீழே இரண்டு பெட்டி. ஒன்று ஓம், ஒன்று இல்லை.

அந்தப் பத்திரத்தின் முதல் மாதங்களில்தான் அவர் வந்தார். கடற்தொழிலாளி, ஐம்பது தாண்டியவர், என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மனைவிதான் கூட்டிவந்தார். வள்ளம் தள்ளும்போது சிப்பி வெட்டிய காயம். சீனி வருத்தக்காரருக்குக் காலில் நோ தெரியாது. அவரும் அந்தக் காலோடேயே கடலுக்குப் போய்வந்திருக்கிறார். கட்டியிருந்த சீலையை அவிழ்த்தபோது டொக்டர் என்னைப் பார்த்தார், நான் டொக்டரைப் பார்த்தேன். வலது கால், பாதத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் போய்விட்டது.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்தேன். கண்ணுக்கு நேரே பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். மென்மையாகச் சொல்ல வேண்டும் என்றும்தான்.

"அண்ணை, புண் எலும்பு மட்டும் போயிட்டுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறம். விளங்குதோ?"

"ஓம் மிஸ்ஸி."

"அங்க ஒப்பரேசன் செய்வினம்."

"ஓம்."

"முழங்காலுக்குக் கீழ எடுக்கவேண்டி வரும். உங்களுக்குச் சம்மதமோ?"

"ஓம் மிஸ்ஸி, ஓம்."

வெட்டுவார்கள் என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஊரில் இல்லாத நாகரிகம் எனக்கு மூன்று நாளில் வந்திருந்தது. ஓம் பெட்டியில் அடையாளம் போட்டேன். அனுப்பும் துண்டில், 'விளக்கப்பட்டது, சம்மதித்தார்' என்று எழுதினேன். அழகான கையெழுத்து. அம்புலன்ஸ் போன பிறகு எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு ஒருவரை மனிதராக மதித்துக் கேட்டிருக்கிறோம் என்று தேநீர் குடித்தேன். அந்தத் தேநீரை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வரும்.

சில கிழமைக்குப் பிறகு மருந்து கட்ட வந்தார். ஓட்டோவிலிருந்து மனைவி தாங்கி இறக்கினார். சாரத்தின் வலது பக்கக் கீழ்ப்பாதி காற்றில் ஆடியது. கட்டிலில் இருத்தி, கட்டை அவிழ்க்க நான் குனிந்தபோது அவர் கோபமே இல்லாமல் கேட்டார்.

"மிஸ்ஸி, புண்ணைத்தானே எடுக்கிறது எண்டு சொன்னனீங்கள்?"

"முழங்காலுக்குக் கீழ எண்டு சொன்னனான் அண்ணை."

"ஓம். புண் முழங்காலுக்குக் கீழதானே இருந்தது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. நான் சொன்னதிலும் இல்லை. தமிழ் தெரிந்த இரண்டு பேர் தமிழில் பேசி ஒரு கால் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் கைநாட்டு வைத்த கடதாசி அவருக்குத் தெரியாத பாஷையில் இருந்ததாம். கேட்டதற்கெல்லாம் ஓம் என்றாராம். விளக்கப்பட்டது என்று நான் எழுதியிருந்ததால் அங்கே யாரும் மறுபடி விளக்கவில்லை.

"ஏன் அண்ணை ஓம் எண்டனீங்கள்?" என்று கேட்டேன். என் குற்றத்தை அவர் தலையில் இறக்கிவைக்கப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"முகாமில அப்பிடித்தான் மிஸ்ஸி. ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டால்தான் வரிசை நகரும். இல்லை எண்டவனைத் தனியக் கூப்பிடுவாங்கள்." வெறுமையாகத் தொங்கிய சாரத்தை மடியில் ஒதுக்கிக்கொண்டார். "அவ்வளவு ஷெல்லுக்குள்ளால ரெண்டு காலையும் கொண்டு வந்தனான். நீங்கள் வெள்ளைச் சட்டையோட வந்து எடுத்துப்போட்டீங்கள்."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் ஓம் என்றார்.

ஆனால் அவர் உயிரோடு இருந்தார். அந்தக் காலை எடுக்காவிட்டால் அந்த மாதமே போயிருப்பார் என்பதில் டொக்டருக்கும் எனக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு பொல்லு ஊன்றிக் கடற்கரை வாடிக்குப் போய்க் கிழிந்த வலை பொத்தினார், மற்றவர்கள் கொண்டுவந்த வலையில் நண்டு கழற்றினார். மனைவி ஒருநாள் எனக்கு ஒரு கூறு மீன் கொண்டுவந்து தந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆள் இருக்கிறாரே" என்றார். விளைவைப் பார்ப்பவர்களின் கணக்கில் நான் நல்லவள். அவர் முகத்தை நேரே பார்க்கும்போது மட்டும் நல்லவள் இல்லை.

பட்டால்தானே புத்தி வரும். பத்திரத்தை மாற்றினேன். இனி வெறும் ஓம் செல்லாது. நோயாளி, தனக்கு என்ன வருத்தம், என்ன செய்யப்போகிறோம், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். வெட்டுவதை வெட்டுவது என்றே சொல்லுவோம். சனம் திண்டாடியது. ஒரு வயதான பெண், பாடமாக்கி வராததால் மருந்து தரமாட்டார்களோ என்று அழுதே விட்டார். வரிசை நீண்டது. வெளியே நின்றவர்கள் என்னை ஏசியது உள்ளே கேட்டது. முறைப்பாட்டுப் பெட்டியில் மட்டும் ஒன்றும் விழவில்லை. பெட்டிப் பூட்டின் திறப்பு யாரிடம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு மாரி போன பிறகு அவருடைய இடது காலில் புண் வந்தது. ஒற்றைக் காலில் முழு உடம்பும் ஏறி நின்றால் அது எவ்வளவு காலம்தான் தாங்கும்? பெருவிரல் கறுத்து, மேலே ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை நான் ஒன்றையும் மென்மைப்படுத்தவில்லை.

"அண்ணை, இந்தக் காலையும் முழங்காலுக்குக் கீழ வெட்டவேணும். வெட்டாட்டி நஞ்சு ரத்தத்தில ஏறிச் செத்துப்போவீங்கள். இப்ப நான் சொன்னதை நீங்கள் சொல்லிக் காட்டுங்கோ."

சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. வெட்டும் இடத்தைத் தன் விரலால் காலில் கோடு இழுத்தே காட்டினார்.

"விளங்கிச்சுதோ?"

"நல்லா விளங்கிச்சுது மிஸ்ஸி. அதாலதான் சொல்லுறன், மாட்டன்."

அந்தக் கட்டிலில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"மணல் மிஸ்ஸி" என்றார். "எங்கட வீட்டைச் சுத்தி முழங்கால் மணல். வீல்செயர் உருளாது. கக்கூசு வளவின்ட அந்தத் தொங்கலில கட்டித் தந்திருக்கினம். ஒரு கால் இருக்கும் மட்டும் ஊண்டிப் போவன். ரெண்டும் இல்லாட்டி இவள் என்னைத் தூக்கவேணும். இவளுக்கு நெஞ்சு வருத்தம். என்னைத் தூக்கி இவள் செத்துப்போவாள்."

அன்று பகல் முழுவதும் அந்த மணல் எனக்குள் கிடந்தது. அவர் வாழ மாட்டேன் என்று சொல்லவில்லை. வாசலிலிருந்து கக்கூசு வரைக்கும் ஒரு சீமெந்துப் பாதை இருந்தால் அவருடைய பதில் வேறாக இருந்திருக்கலாம். டொக்டரும் நானும் உடனே ஒரு கடிதம் எழுதினோம். வீட்டுத்திட்டத்தைப் பார்க்கிற கந்தோருக்கு நானே கொண்டுபோனேன். அங்கிருந்தவர் நல்லவிதமாகவே சொன்னார்: கால் சுகாதாரப் பகுதி, மணல் எங்கள் பகுதி, ஆனால் பாதை இந்த ஆண்டுத் திட்டத்தில் இல்லை. இதற்குப் பெயர்தான் நோயாளியின் விருப்பம். மூன்று பக்கமும் சுவரைக் கட்டிவிட்டு, எந்தப் பக்கம் போக விருப்பம் என்று கேட்பது.

மறுநாள் காலை, நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, அவரைக் கேக்காதேங்கோ. முந்தி மாதிரி அனுப்பிவிடுங்கோ."

"அவர் மாட்டன் எண்டுறாரே அக்கா."

"காய்ச்சல் கூடி அறிவு தடுமாறும்தானே. அப்ப ஏத்துங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன். நான் தூக்குவன் மிஸ்ஸி. என்ட நெஞ்சுக்கு ஒண்டுமில்லை."

முடியாத காரியம் இல்லை. இரண்டு மூன்று நாள் காத்திருந்தால் போதும். நினைவு தப்பியவரை உறவினர் சம்மதத்தோடு அனுப்பலாம். யாரும் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. டொக்டரிடம் சொன்னேன். அவர் தெரிந்த தமிழில், "நீங்க என்ன நினைக்கிறது மிஸ்?" என்று கேட்டார். இருபக்கமும் நெருப்பெரியும் கொள்ளியில் எறும்பு எந்தப் பக்கம் போகும்?

"அவர் சொன்னதைச் செய்வம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னை நானே கேட்டிருக்கிறேன். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே மாட்டேனை மதிக்க வேண்டும் என்று நினைத்தது உண்மை. கண் விழித்து, இல்லாத காலைத் தடவி, மறுபடியும் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பாரே என்று பயந்ததும் உண்மை. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. நான் திருத்திய பத்திரம் முதன்முதலாக வேலை செய்திருக்கிறது என்ற பெருமை. எந்த நெல்லில் எவ்வளவு பதர் என்று இன்றைக்கு என்னால் புடைத்துப் பிரிக்க முடியவில்லை. இல்லை என்ற பெட்டியில் அடையாளம் போட்டு, அவரைக் கொண்டு கையெழுத்து வைப்பித்தேன். கைநாட்டு வைக்கிறவர் அன்று பேனையை வாங்கித் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

வீட்டுக்குப் போனார். ஒன்பதாம் நாள், நினைவு தப்பியவராகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் இருந்த மருந்தை ஏற்றினோம். சோளகக் காற்று தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது. அன்றும் மனைவி என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். அம்புலன்ஸ் முற்றத்திலேயே நின்றது. அதை நான் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம், சோறு கொடுக்கிற நேரத்தில் அவர் இறந்தார்.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தேன். மனைவி அழவில்லை. அவருடைய சாரத்தைக் கீழே இழுத்து, இருந்த ஒரு காலையும் மூடிவிட்டுச் சொன்னார்.

"கேக்காமல் அனுப்பினீங்கள், இருந்தார். கேட்டீங்கள், போயிட்டார். இனி ஆரையும் கேக்காதேங்கோ மிஸ்ஸி."

பெருமூச்சோ வசையோ இல்லை. அறிவுரைபோல் சொன்னார். அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் தரமேம்பாட்டுக் குழு எங்களைப் பார்வையிட வந்தது. மஞ்சள் கோட்டைப் பார்த்தார்கள், பெயர்ச்சீட்டைப் பார்த்தார்கள். பிறகு சம்மதப் பத்திரக் கோப்பைக் கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். ஓம், ஓம், ஓம். தலைமை தாங்கி வந்தவர் முகத்தைச் சுளித்தார். எல்லாம் ஓம் என்றால் உண்மையிலேயே கேட்டீர்கள் என்று எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. பிறகு ஒரு தாளில் அவருடைய விரல் நின்றது. கோப்பிலேயே ஒரே ஒரு இல்லை. கீழே, குழந்தை எழுதியதுபோல் ஒரு பெயர்.

"இதுதான் சான்று" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். "நோயாளியின் விருப்பம் மதிக்கப்பட்டிருக்கிறது." அதைப் போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. என் நீள வாயும் அன்று மூடிக்கிடந்தது. நற்சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. ஆணி அடித்து மாட்டியதும் நான்தான். மணல் அதே மணல்தான். அந்தப் பாதை இன்னும் போடப்படவில்லை.

மனைவி இப்போதும் நெஞ்சு வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிறார். வரிசையில் நின்று, முறை வந்ததும் என் முன் கதிரையில் இருப்பார். போன மாதம் டொக்டர் அவருக்கு ஒரு குளிசையை நிறுத்தி வேறொன்று எழுதியிருந்தார். பழையதையும் சேர்த்துக் குடித்தால் ஆபத்து என்று மெதுவாக, இரண்டு முறை, எளிய தமிழில் சொன்னேன். பத்திரத்தை முன்னால் வைத்தேன்.

"இப்ப நான் சொன்னதை ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ அக்கா."

அவர் பத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

காத்திருந்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் பேனையை எடுத்து ஓம் பெட்டியில் அடையாளம் போட்டேன்.